தளம் மாறும்போது ஆட்டத்தை எந்த வரிசையில் மாற்றுவது: டென்னிஸ் ஆடுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கடினத் தளத்திலேயே (சிமென்ட் அல்லது தார்த் தரைமீது பூச்சிட்ட தளம்) ஆடிப் பழகியவர்கள் முதன்முறையாகக் களிமண் தளத்தில் இறங்கும்போது என்ன நடக்கிறது என்பதைப் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். முதல் பத்து நிமிடங்களில் பாதிப் பந்துகள் மட்டையின் விளிம்பில் படுகின்றன. உடனே வீச்சை மாற்றுகிறார்கள். அது சரிவராததால் பிடியை மாற்றுகிறார்கள். அரை மணி நேரத்தில், கையில் ஏற்கெனவே இருந்த நல்ல ஃபோர்ஹேண்டையும் (உள்ளங்கை முன்னோக்க அடிக்கும் அடி) தொலைத்துவிட்டு நிற்கிறார்கள்.

அவர்கள் கையில் எந்தக் குறையும் இல்லை. வழக்கமான நேரத்துக்கும் வழக்கமான உயரத்துக்கும் பந்து வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஆகவே மாற்றங்களைக் கீழிருந்து மேலாகச் செய்யுங்கள்: காலணி, கால், நிற்கும் இடம், கை, கடைசியாக உத்தி. கால் சரியான இடத்துக்குப் போகாதவரை கையில் செய்யும் எந்தத் திருத்தமும் தவறான இடத்திலிருந்து செய்யும் திருத்தமே.

1. தரை என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

தரையில் குத்தும் பந்துக்கு இரண்டு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, அது எவ்வளவு உயரம் எழும்புகிறது என்பது. மற்றொன்று, உராய்வினால் அதன் முன்னோக்கிய வேகம் எவ்வளவு குறைகிறது என்பது. தளங்களுக்கிடையே நாம் உணரும் வேறுபாடுகளில் பெரும்பகுதி இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்.

களிமண்ணில் உராய்வு அதிகம். தளர்ந்த மேல்மண்ணைப் பந்து தனக்கு முன்னால் நுண்ணிய மேடாகத் தள்ளி, அதில் முட்டி எழும்புகிறது. அதனால் வேகம் குறைந்து, செங்குத்தாக, உயரமாக வருகிறது. புல்லில் உராய்வு குறைவு. புல்லும் அடியிலுள்ள மண்ணும் மோதலை ஓரளவு உள்வாங்கிக்கொள்கின்றன. அதனால் பந்து வழுக்கிக்கொண்டு தாழ்வாக வருகிறது. கடினத் தளம் பொதுவாக இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும்.

‘பொதுவாக’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கடினத் தளத்தின் மேற்பூச்சில் மணல் கலக்கப்படுகிறது. மணல் கூடுதலாகவோ பருமனாகவோ இருந்தால் உராய்வு கூடி ஆட்டம் மெதுவாகும். ஆண்டுக்கணக்கில் ஆடி மணல் தேய்ந்த தளம் வழவழப்பாகி வேகமாகிவிடும். ஒரே நிறத்தில், ஒரே வளாகத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கோர்ட்டுகள்கூட வெவ்வேறு விதமாக நடந்துகொள்வது இதனால்தான்.

சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பு இந்த இரண்டு குணங்களையும் அளந்து, ஒரே எண்ணாக்கித் தளங்களை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. 29 வரை மெதுவானது, 30 முதல் 34 வரை நடுத்தர மெதுவு, 35 முதல் 39 வரை நடுத்தரம், 40 முதல் 44 வரை நடுத்தர வேகம், 45 முதல் வேகமானது. அந்த எண் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். அதே இரண்டு குணங்களை நீங்களே கண்டுபிடிக்கும் வழியை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன்.

2. கிளம்பும் முன்பே தயாராக வேண்டியவை

காலணிதான் முதல் தேவை. களிமண்ணுக்கு அடிப்பாகம் முழுவதும் நெருக்கமான வளைவு நெளிவுக் கோடுகள் கொண்ட காலணி வேண்டும். அது மண்ணைப் பிடிக்கும், தேவையான போது சறுக்கவும் விடும், இடுக்கில் சேர்ந்த மண்ணை உதிர்த்தும்விடும். கடினத் தளத்துக்குத் தேய்மானம் தாங்கும் தடித்த அடிப்பாகம் வேண்டும். புல்லுக்கு அடியில் சிறு ரப்பர்ப் புள்ளிகள் கொண்ட காலணி இருக்கிறது. ஆனால் பல புல்தரை மைதானங்கள் எந்த அடிப்பாகத்தை அனுமதிக்கின்றன என்பதில் கண்டிப்பாக இருக்கும். கேட்டுவிட்டுப் போங்கள்.

எந்தத் தளமானாலும் ஓட்டப் பயிற்சிக் காலணியோடு வராதீர்கள். அது நேராக ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. குதிகால் உயரமாகவும் பக்கவாட்டுப் பிடிப்பு இல்லாமலும் இருப்பதால், பக்கவாட்டில் ஓடி நிற்கும்போது கணுக்கால் மடங்கிவிடும். புதியவர்களுக்கு நேரும் காயங்களில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான்.

அடுத்தது பந்து. இரண்டு தளங்களை ஒப்பிட வேண்டுமானால் பந்தும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே வகையில், ஒரே அளவு பழசான மூன்று பந்துகளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கால் வாசி காற்றுப் போன பந்தைப் புதுத் தளத்தில் அடித்துப் பார்த்து, ‘இந்தத் தளம் மெதுவானது’ என்று முடிவுகட்டுவோர் ஏராளம்.

மட்டை நரம்பின் இழுவிசையை முதல் நாளில் தொடவே வேண்டாம். களிமண்ணில் சிலர் ஓரிரு பவுண்டு தளர்த்துவது வழக்கந்தான். ஆனால் காலும் நேரமும் பழகும் முன் இழுவிசையையும் மாற்றினால், எந்த மாற்றத்தால் எது நடந்தது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

3. ஆடும் முன் தளத்தைப் படியுங்கள்

இதற்குப் பத்து நிமிடங்கள் போதும். பெரும்பாலானோர் இந்தப் பத்து நிமிடங்களை மிச்சப்படுத்தி முதல் செட்டை இழக்கிறார்கள். ஆகவே இந்தப் பகுதியில் சற்று நிதானமாகவே போகலாம்.

அ. நடந்து பாருங்கள். பேஸ்லைனில் (கோர்ட்டின் பின்கோட்டில்) தொடங்கி, கோடுகளின் மேலேயே ஒரு சுற்று வாருங்கள். களிமண்ணில் கோடுகள் பெரும்பாலும் தரையில் பதித்து ஆணியடித்த பட்டைகளாக இருக்கும். கால் வைத்தால் மண்ணைவிட அதிகமாக வழுக்கும், விளிம்பு தூக்கியிருந்தால் தடுக்கும். புல்லில் பேஸ்லைனை ஒட்டிய பகுதி தேய்ந்து மண் தெரியும்; அங்கே குத்தும் பந்து மற்ற இடங்களைப் போல எழும்பாது. கடினத் தளத்தில் விரிசலையும், நிழலில் காயாமல் கிடக்கும் ஈரத்தையும் தேடுங்கள்.

ஆ. காலைத் தேய்த்துப் பாருங்கள். பாதி எடையை முன்காலில் வைத்துத் தள்ளுங்கள். பிறகு மூன்று எட்டு ஓடி நில்லுங்கள். கால் உடனே நிற்கிறதா, ஒரு சாண் நகர்ந்து நிற்கிறதா, எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாமல் போகிறதா? மூன்றாவது என்றால், அது ஈரத்தாலோ தவறான காலணியாலோ இருக்கலாம். சரிசெய்யும்வரை வேகமாக ஓடாதீர்கள்.

இ. பந்தைக் கைவிட்டுப் பாருங்கள். விதிப்படி ஒரு பந்தை 254 செ.மீ. உயரத்திலிருந்து கான்கிரீட் மீது விட்டால் 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும். அதாவது பாதிக்குச் சற்று மேல். நீங்கள் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து விட்டால், கான்கிரீட்டில் இடுப்புக்குச் சற்று மேலே வரும். அதே கையுயரத்திலிருந்து புதுத் தளத்தில் ஐந்தாறு இடங்களில் விடுங்கள். எங்காவது மட்டும் பந்து சோர்ந்து விழுந்தால் அந்த இடத்தை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

ஈ. மட்டையில்லாமல் பந்தைப் பிடியுங்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட சோதனை இதுதான். எதிர்ப்பக்கத்திலிருந்து துணையாட்டக்காரர் நடுத்தர வேகத்தில், சர்வீஸ் கோட்டுக்கும் (வலைக்கும் பேஸ்லைனுக்கும் இடையில் இருக்கும் குறுக்குக் கோடு) பேஸ்லைனுக்கும் நடுவே விழும்படி அடிக்கட்டும். நீங்கள் பேஸ்லைனுக்கு ஓர் எட்டுப் பின்னால் நின்று, குத்தி வரும் பந்தை இரு கைகளாலும் பிடியுங்கள். எந்த உயரத்தில் பிடித்தீர்கள்? முழங்காலா, இடுப்பா, தோளா? பந்துக்காகக் காத்திருந்தீர்களா, பந்து உங்களை முந்தியதா?

பத்துப் பந்துகள் போதும். கையில் மட்டை இல்லாததால் வீச்சைப் பற்றிய கவலை இல்லை. கண்ணும் காலும் மட்டுமே வேலை செய்கின்றன. அடுத்த பத்தை டாப்ஸ்பின்னாகவும் (பந்து முன்னோக்கிச் சுழலும் அடி) அதற்கடுத்த பத்தை ஸ்லைஸாகவும் (பின்னோக்கிச் சுழலும்படி வெட்டும் அடி) கேட்டு வாங்குங்கள். களிமண்ணில் டாப்ஸ்பின் தோளுக்கு வரும். புல்லில் ஸ்லைஸ் முழங்காலுக்கு மேல் வர மறுக்கும். இந்தச் சோதனையை உங்கள் வழக்கமான கோர்ட்டிலும் ஒருமுறை செய்து எழுதி வைத்துக்கொண்டால்தான் புதுத் தளத்தில் ஒப்பிட ஏதாவது இருக்கும்.

களிமண்ணில் கூடுதலாக ஒரு வசதி உண்டு: தரையே எழுதிக் காட்டும். பந்து குத்திய இடத்தில் குனிந்து பாருங்கள். தடம் நீண்ட துளிபோல் இழுத்திருந்தால் பந்து தட்டையாக, வழுக்கி வந்திருக்கிறது. ஏறத்தாழ வட்டமாக இருந்தால் மேலிருந்து செங்குத்தாக இறங்கியிருக்கிறது. அது உயரமாக எழும்பியிருக்கும். உங்கள் டாப்ஸ்பின் உண்மையிலேயே டாப்ஸ்பின்தானா என்பதை அந்தத் தடம் தயக்கமில்லாமல் சொல்லிவிடும்.

4. காலைப் பழக்குங்கள்

கடினத் தளத்தில் கால் சட்டென்று நிற்கும். சிறு எட்டுகளால் வேகத்தைக் குறைத்து, வெளிக்காலில் எடையை வாங்கி, அங்கிருந்து திரும்புவீர்கள். தளம் விட்டுக்கொடுக்காததால் அதிர்ச்சி முழுவதும் முழங்காலுக்கும் இடுப்புக்கும் போகிறது. முழங்காலை மடக்கி நிற்கப் பழகாதவர்கள் இதை இரண்டு வாரங்களில் வலியாக உணர்வார்கள்.

புல்லில் சறுக்காதீர்கள், சறுக்கத் தெரிந்தவர்களும் முதல் நாள் வேண்டாம். சிறிய, விரைவான எட்டுகள் வையுங்கள். எடை எப்போதும் இரண்டு கால்களுக்கும் நடுவில் இருக்கட்டும். பனி காயாத காலை நேரத்தில் புல் சோப்புப்போல் வழுக்கும். அப்போது பயிற்சியைத் தள்ளிப்போடுவதே நல்லது.

களிமண்ணில் சறுக்கத்தான் வேண்டும், அதைப் படிப்படியாகக் கற்க வேண்டும். பிரெஞ்சு ஓபன் கோர்ட்டுகளில் நாம் பார்க்கும் சிவப்பு, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள செங்கல் தூள் மட்டுமே. அதன் கீழே இறுகிய சுண்ணாம்புக்கல் அடுக்கு இருக்கிறது. இறுகிய தரைமீது மெல்லிய தூள் என்பதால்தான் கால் சீராக நகர்கிறது. சட்டென்று நிற்க முயன்றால் கால் உங்களை மீறிப் போகும்.

முதலில் மட்டையைக் கீழே வையுங்கள். பேஸ்லைனிலிருந்து வலையை நோக்கி நான்கைந்து எட்டு ஓடி, கடைசி எட்டை நீளமாக வைத்து முன்காலில் சறுக்குங்கள். பாதத்தின் முனை நகரும் திசையையே பார்க்க வேண்டும். குறுக்காக வைத்தால் காலணியின் விளிம்பு மண்ணில் குத்திக் கணுக்கால் புரளும். முழங்கால் மடங்கியிருக்கட்டும், பின்கால் விரல் நுனியில் இழுபட்டு வரட்டும். முன்னோக்கிச் சறுக்குவதே எளிது என்பதால் அங்கே தொடங்குகிறோம். பக்கவாட்டுச் சறுக்கல் அடுத்த நாள் பாடம்.

இதில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: அடித்து முடித்த பிறகு சறுக்குவது. ஒரு மாணவர் ஒவ்வொரு ஓரப் பந்தையும் அழகாக எட்டி அடித்தார். ஆனால் அடித்த பின்னரே சறுக்கினார். அந்தச் சறுக்கல் அவரைக் கோர்ட்டுக்கு வெளியே இரண்டு எட்டு கொண்டுபோய் விட்டது, திரும்பி வருவதற்குள் அடுத்த பந்து மறுபக்கம் போய்விட்டது. சறுக்கல் அடிக்கு முன்பே தொடங்கி, மட்டை பந்தைத் தொடும்போது முடிய வேண்டும். அப்போதுதான் அடிக்கும் கணத்தில் உடல் நிலையாக இருக்கும், திரும்பும் முதல் எட்டும் உடனே கிடைக்கும்.

அவரிடம் ‘சரக்’ என்ற சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். முதலில் கால் சத்தம், அப்புறம் பந்துச் சத்தம். வரிசை காதில் விழத் தொடங்கியதும் கால் தானாகச் சரியாகிவிட்டது.

5. நிற்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

பந்தைப் பிடித்த சோதனையின் பயன் இங்கேதான். இடுப்பு உயரத்தில் வசதியாகப் பிடிக்க எங்கே நின்றீர்களோ, அதுவே இந்தத் தளத்தில் உங்கள் இடம். களிமண்ணில் அது பேஸ்லைனுக்கு இரண்டு மூன்று எட்டுப் பின்னால் இருக்கும். புல்லில் கோட்டை ஒட்டியே இருக்கும். பின்னால் போனால் பந்து இன்னும் தாழ்ந்து கணுக்காலுக்கு வந்துவிடும்.

களிமண்ணில் ரஃபேல் நடால் சர்வீஸை வாங்க எவ்வளவு பின்னால் போய் நிற்பார் என்பதைப் பார்த்திருப்பீர்கள். முழு வீச்சுக்கு நேரம் வாங்குவதற்கான இடம் அது. அவரைப் பார்த்துப் பின்னால் போகும் புதியவர்கள், அங்கிருந்து முன்னால் ஓடிவர அவரிடமிருந்த கால்களை மறந்துவிடுகிறார்கள். டிராப் ஷாட்டுக்கு (வலையை ஒட்டி மெல்ல விழச் செய்யும் அடி) நீங்கள் எட்ட முடியாத தூரம் பின்னால் நிற்காதீர்கள். அந்த எல்லை ஆளுக்கு ஆள் மாறும். பத்து டிராப் ஷாட் போடச் சொல்லி ஓடிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

6. இப்போது கையைத் தொடலாம்

மாற்ற வேண்டியது பெரும்பாலும் வீச்சின் நீளம் மட்டுமே. வடிவத்தை விட்டுவிடுங்கள்.

வேகமான தளத்தில் மட்டையைப் பின்னால் குறைவாக எடுங்கள்; தோள் திரும்பினால் போதும். பந்தின் வேகமே திருப்பி அனுப்பத் தேவையான வலுவைத் தந்துவிடும். மெதுவான தளத்தில் பந்து வேகத்தைக் கொண்டு வராது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். எனவே முழு வீச்சு, முழுப் பின்தொடர்ச்சி.

தாழ்வான பந்துக்கு முதுகைக் குனிக்காதீர்கள், முழங்காலை மடக்குங்கள். முதுகு குனிந்தால் மட்டையின் முகம் கீழே சாய்ந்து பந்து வலையில் போகும். உயரமான பந்துக்கு இரண்டே வழிகள்: எழும்பும்போதே முன்னால் போய் எடுப்பது, அல்லது பின்னால் போய் இறங்கவிட்டு அடிப்பது. இரண்டுக்கும் நடுவே நின்று தோளுயரத்தில் மட்டையைத் தூக்கி அடிப்பதுதான் தோள்பட்டையைக் கெடுக்கும் வழி.

7. சர்வீஸ்

புல்லிலும் வேகமான கடினத் தளத்திலும் தட்டையான சர்வீஸும் ஓரத்துக்கு விலகும் ஸ்லைஸ் சர்வீஸும் பலன் தரும், ஏனெனில் வழுக்கும் பந்து எழும்பாமல் விலகிப் போகிறது. களிமண்ணில் அதே தட்டையான சர்வீஸ் எதிராளியின் இடுப்பில் போய் வசதியாக உட்காரும். அங்கே மேலெழும்பும் கிக் சர்வீஸை அவருடைய பேக்ஹேண்ட் (புறங்கை முன்னோக்க அடிக்கும் அடி) பக்கத் தோளுக்கு அனுப்புங்கள்.

களிமண்ணில் முதல் சர்வீஸின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து, உள்ளே விழும் எண்ணிக்கையைக் கூட்டுவதே என் அறிவுரை. நேரடியாகப் புள்ளி கிடைப்பது அரிது; வேகத்துக்காகத் தவறவிட்டால் இழப்பு மட்டுமே மிஞ்சும்.

8. உத்தி

கால், இடம், கை மூன்றும் சரியான பிறகு இதற்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெதுவான தளத்தில் ஒரே அடியில் புள்ளி முடியாது. எதிராளியை ஒரு பக்கம் இழுத்து, மறுபக்கம் திறந்து, அதன் பிறகு அடியுங்கள். வலைக்கு மேல் நல்ல இடைவெளி விட்டு, ஆழமாக அடியுங்கள். வேகமான தளத்தில் முதல் இரண்டு அடிகளே பெரும்பாலும் புள்ளியைத் தீர்மானிக்கின்றன. குட்டையான பந்து கிடைத்தால் யோசிக்காமல் வலைக்குப் போங்கள்.

டிராப் ஷாட் களிமண்ணிலும் பலன் தரும், புல்லிலும் பலன் தரும், காரணங்கள் வேறு. களிமண்ணில் எதிராளி பின்னால் நிற்பார். புல்லில் பந்து எழும்பவே எழும்பாது. கடினத் தளத்தில் ஒரே அளவில் எழும்பி நிற்பதால், ஓடி வருபவருக்கு நேரம் கிடைத்துவிடும்.

9. ஆட்டத்தின் நடுவே தளம் மாறுவதைக் கவனியுங்கள்

காலையில் படித்த தளம் மாலையில் அதே தளம் அல்ல. வெயில் ஏறினால் பந்தின் உள்ளிருக்கும் காற்று விரிந்து, பந்து கூடுதலாக எழும்பும். களிமண் காய்ந்தால் வேகமாகும். ஈரமானால் மண் பந்தில் ஒட்டிக் கனத்து, மெதுவாகும். புல்லில் ஈரம் காய்ந்து தரை இறுக இறுகப் பந்து சற்று உயரமாக வரும். விம்பிள்டனில் ஆட்ட நாட்களில் புல்லை 8 மி.மீ. உயரத்தில் வைத்திருக்கிறார்கள், உங்களுக்குக் கிடைக்கும் புல்தரை அப்படி இருக்காது, இடத்துக்கு இடம் வேறுபடும்.

கடல் மட்டத்திலிருந்து உயரமான இடங்களில் காற்று மெலிந்திருப்பதால் பந்து தூரம் போகும். 1,219 மீட்டருக்கு மேலுள்ள இடங்களுக்கென விதிகளில் தனிப் பந்தே உண்டு. அங்கே பந்து கோட்டைத் தாண்டினால் தளத்தைக் குறை சொல்லாதீர்கள்.

களிமண்ணில் ஆடி முடித்ததும் தளத்தைச் சமப்படுத்துவதும் ஆட்டத்தின் பகுதிதான். இழுவலையை வெளி ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச்சுற்றி நடுவுக்கு வாருங்கள். நடுவிலிருந்து வெளியே இழுத்தால் மண் முழுவதும் வேலியோரம் சேர்ந்து, ஆடும் இடம் மொட்டையாகிவிடும். கடைசியில் கோடுகளைத் துடைத்துவிடுங்கள்.

10. இதே முறை மற்ற பந்து விளையாட்டுகளுக்கும்

எழும்புவது எவ்வளவு, முன்னால் போவது எவ்வளவு, கால் நிற்பது எப்படி: இந்த மூன்று கேள்விகளும் எங்கும் பொருந்தும். டேபிள் டென்னிஸில் 30 செ.மீ. உயரத்திலிருந்து விட்ட பந்து ஏறத்தாழ 23 செ.மீ. எழும்ப வேண்டும் என்பது விதி; போட்டிக்கு முன் மேசையின் நான்கு மூலைகளிலும் விட்டுப் பாருங்கள். கிரிக்கெட்டில் 20.12 மீட்டர் நீள ஆடுகளத்தின் ஈரமும் வெடிப்பும் நாளுக்கு நாள் மாறுவதால், காலையில் பார்த்ததை மாலையில் நம்பக் கூடாது. நீர் தெளித்த செயற்கைத் தளத்தில் ஹாக்கிப் பந்து வழுக்கிப் பறக்கும். காய்ந்தால் கால் சிக்கும், பந்தும் தடுமாறும்.

11. பழைய தளத்துக்குத் திரும்பும் நாள்

இதை யாரும் சொல்லித் தருவதில்லை என்பதால் தனியாக எழுதுகிறேன். மூன்று வாரங்கள் களிமண்ணில் ஆடிவிட்டுக் கடினத் தளத்துக்குத் திரும்பும் முதல் நாளில்தான் கணுக்கால் புரள்கிறது. கால் சறுக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. தளமோ அதற்கு இடம் கொடுப்பதில்லை.

களிமண் காலணியை மாற்றுங்கள். கடினத் தளத்தில் அதன் கோடுகள் வேகமாகத் தேய்ந்து, அடுத்த முறை களிமண்ணில் பிடிப்பு இருக்காது. முதல் அரை மணி நேரம் ஓரப் பந்துகளை விட்டுவிடுங்கள். சிறு எட்டுகளில் நிற்பதை மட்டும் பழகுங்கள். பிறகு மட்டையைக் கீழே வைத்துவிட்டு, பேஸ்லைனுக்கு ஓர் எட்டுப் பின்னால் போய், துணையாட்டக்காரரிடம் பத்துப் பந்துகள் கேட்டு வாங்கிக் கையால் பிடியுங்கள்.